வைஃபை வழியே குரல் அழைப்பு: சோதித்துப் பார்ப்பதிலிருந்து புழக்கத்துக்கு விடும் வரை

"வீடியோவே நிற்காமல் ஓடுகிறதே, போன் பேச மாட்டேன் என்றா சொல்லும்?" குரல் அழைப்புகளை வைஃபைக்கு மாற்றலாம் என்று பேச்செடுத்ததும் யாராவது ஒருவர் இப்படிக் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் வீடியோ சில வினாடிகளுக்கான தரவை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவில் அரை வினாடி வலை தடுமாறினாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. பேச்சுக்கு அந்த வசதி இல்லை. எதிர்முனையில் இருப்பவர் இன்னும் வாயே திறக்காத சொல்லை எப்படி முன்னால் இறக்கி வைப்பது?

வேகத்தைப் பொறுத்தவரை குரலுக்குத் தேவை மிகக் குறைவு. ஜி.711 கோடெக்கில் (குரலை எண்களாக மாற்றும் முறை) ஒரு அழைப்பு என்றால் ஒவ்வொரு திசையிலும் வினாடிக்கு 50 பாக்கெட், அதாவது தரவுப் பொட்டலம். ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், அதன் மேல் ஐபி, யுடிபி, ஆர்டிபி தலைப்புகளாக 40 பைட். மொத்தம் 80 கேபிபிஎஸ். ஸ்பீட் டெஸ்டில் 200 எம்பிபிஎஸ் காட்டினாலும் 20 எம்பிபிஎஸ் காட்டினாலும் குரலுக்கு ஒன்றுதான். 20 மில்லி வினாடிக்கு ஒரு பாக்கெட், சொன்ன நேரத்துக்கு வந்து சேர வேண்டும். பேசுபவர் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாலும், பக்கத்து அறையில் முப்பது லேப்டாப் ஒரே நேரத்தில் அப்டேட் ஏற்றிக்கொண்டிருந்தாலும் வர வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளும் இது நடக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான்.

முதலில் எந்த வகை அழைப்பு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நிறுவனத்தின் சொந்த ஐபி பிபிஎக்ஸில் (உள் தொலைபேசி இணைப்பகம்) பதிவாகும் வைஃபை ஹேண்ட்செட் அல்லது மொபைல் செயலி ஒரு வகை. மொபைல் சேவை நிறுவனம் தரும் வைஃபை காலிங் இன்னொரு வகை. காற்றில், அதாவது வைஃபை அலையில், இரண்டுக்கும் தேவை ஒன்றுதான், உள்ளே பாதை வேறு. இங்கே பெரும்பகுதி முதல் வகையைப் பற்றியது. இரண்டாவதுக்குத் தனிப் பகுதி பின்னால் வருகிறது.

படி 1: எது "நல்ல அழைப்பு" என்று எண்ணில் எழுதிக்கொள்ளுங்கள்

எண் இல்லாமல் சோதனை தொடங்கினால் கடைசியில் "எனக்கு நல்லாத்தானே கேட்டது" என்ற சண்டையில் போய் நிற்கும். நான் வைத்துக்கொள்ளும் வரம்புகள் இவை. வாயிலிருந்து எதிர்முனைக் காது வரை ஒருவழித் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருக்க வேண்டும். தொலைத்தொடர்புத் தரங்களை வகுக்கும் ஐடியு-டி அமைப்பின் ஜி.114 பரிந்துரையும் இதையே சொல்கிறது. ஜிட்டர், அதாவது பாக்கெட் வந்து சேரும் நேரத்தின் ஏற்ற இறக்கம், 30 மில்லி வினாடிக்குள், பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குள், அக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் கருவி) மாறும்போது விழும் இடைவெளி 150 மில்லி வினாடிக்குள். குரல் தரத்துக்கு 1 முதல் 5 வரை போடும் எம்ஓஎஸ் மதிப்பெண் 4 அல்லது அதற்கு மேல். ஜி.711 எவ்வளவு சுத்தமான வலையில் ஓடினாலும் கணக்கில் ஏறத்தாழ 4.4 தான் வரும். எனவே 5 வரவில்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம்.

இழப்புச் சதவீதத்தை மட்டும் தனியாக நம்பாதீர்கள். மூன்று நிமிட அழைப்பில் ஒரு திசைக்கு 9,000 பாக்கெட். அதில் 1 சதவீதம் என்பது 90. அந்த 90-ம் அங்கொன்று இங்கொன்றாகத் தொலைந்தால் கோடெக் அதை நிரப்பி மறைத்துவிடும், யாருக்கும் தெரியாது. அதே 90-ம் சேர்ந்தாற்போல் தொலைந்தால் 1.8 வினாடி மௌனம். "நாளைக்கு வர வேண்டாம்" என்பதில் "வேண்டாம்" காணாமல் போகப் போதுமான நேரம். ரிப்போர்ட்டில் இரண்டும் ஒரே 1 சதவீதம்தான். ஆகவே தொடர்ச்சியாக எத்தனை பாக்கெட் விழுந்தன என்பதற்கும் ஒரு வரம்பு வையுங்கள். மூன்றுக்கு மேல் போகக் கூடாது என்பது கறாரான, ஆனால் நல்ல வரம்பு.

ஜிட்டரைச் சமாளிக்க, வந்த பாக்கெட்டைச் சற்றுத் தேக்கி வைக்கும் ஜிட்டர் பஃபரைப் பெரிதாக்கலாம் என்று தோன்றும். ஆனால் பஃபரில் கூட்டும் ஒவ்வொரு மில்லி வினாடியும் தாமதத்தில் சேரும். பாக்கெட் கட்டுவதற்கே 20 மில்லி வினாடி, பஃபருக்கு 60 என்று கொடுத்துவிட்டால் 150-இல் பாதிக்கு மேல் வலைக்கு வெளியிலேயே செலவாகிவிடும்.

படி 2: காற்றைச் சரிசெய்யுங்கள்

டேட்டாவுக்காகப் போட்ட வைஃபை குரலுக்கு அப்படியே போதும் என்பது அபூர்வம். டேட்டா என்றால் ஆள் உட்காரும் இடத்தில் சிக்னல் இருந்தால் போதும். குரல் என்றால் ஆள் நடக்கும் இடமெல்லாம் வேண்டும்: படிக்கட்டு, லிஃப்ட் வாசல், கிடங்கின் கடைசி வரிசை, கழிவறை உட்பட.

செல் எல்லையில், அதாவது ஒரு அக்சஸ் பாயின்டின் வீச்சு முடியும் இடத்தில், -67 டிபிஎம் சிக்னல் (பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை அதிகம்), 25 டிபி சிக்னல்-இரைச்சல் வித்தியாசம் என்று வடிவமைப்பது வழக்கம். அதே இடத்தில் இரண்டாவது அக்சஸ் பாயின்ட் ஒன்றும் பேசக்கூடிய அளவுக்குக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் போனுக்குத் தாவிப் போக இடம் இருக்காது. அளப்பதை லேப்டாப்பில் செய்யாதீர்கள். அதன் ஆன்டெனா பெரியது, போன் காணாத சிக்னலை அது காணும். உண்மையில் பயன்படப்போகும் ஹேண்ட்செட்டையே கையில் பிடித்துக் காதில் வைத்து அளக்க வேண்டும். மனித உடம்பு சிக்னலை நன்றாகவே விழுங்கும். முதுகுப் பக்கம் அக்சஸ் பாயின்ட் இருக்கும்போது ஒருமுறை, முகத்துப் பக்கம் இருக்கும்போது ஒருமுறை அளந்து பாருங்கள், வித்தியாசம் புரியும்.

பவர் விஷயத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அக்சஸ் பாயின்ட் 20 டிபிஎம்மில், அதாவது 100 மில்லிவாட்டில் கத்துகிறது. போன் 14 டிபிஎம்மில், 25 மில்லிவாட்டில் பதில் சொல்கிறது. எல்லைப் பகுதியில் போனின் திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும், ஆனால் போன் சொல்வது அக்சஸ் பாயின்டுக்குக் கேட்காது. அக்சஸ் பாயின்டின் பவரைப் போனின் பவருக்குச் சமமாகக் குறைத்துவிடுங்கள். கவரேஜ் ஓட்டை விழுந்தால் இன்னொரு அக்சஸ் பாயின்ட் மாட்டுங்கள். பவரைக் கூட்டி ஓட்டையை அடைக்கப் பார்க்காதீர்கள்.

முடிந்தவரை குரலை 5 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான், அதையும் புளூடூத்தோடும் மைக்ரோவேவ் அடுப்போடும் பகிர்ந்துகொள்ள வேண்டும். 5-இல் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைத்தால் நிறைய சேனல் கிடைக்கும். குரலுக்கு அகலம் தேவையில்லை. ராடாரோடு பகிர்ந்துகொள்ளும் டிஎஃப்எஸ் சேனல்களைப் பயன்படுத்தினால் ஒன்றைக் கவனியுங்கள்: ராடார் சிக்னல் தென்பட்டால் அக்சஸ் பாயின்ட் அந்தச் சேனலை விட்டு உடனே வெளியேற வேண்டும். புதிதாகப் போகும் சேனலும் டிஎஃப்எஸ் என்றால் குறைந்தது 60 வினாடி கேட்டுப் பார்த்த பிறகே அதில் பேசலாம். விமான நிலையத்துக்கோ துறைமுகத்துக்கோ பக்கத்தில் உள்ள கட்டிடம் என்றால் முதலில் பதிவேட்டில் ராடார் நிகழ்வுகள் எத்தனை என்று பாருங்கள்.

அப்புறம், 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் ஆகிய பழைய வேகங்களை அணைத்துவிடுங்கள். குறைந்த வேகத்தில் பேசும் ஒரே ஒரு போன் எல்லோருடைய காற்று நேரத்தையும் தின்றுவிடும். காற்று நேரம் எவ்வளவு அருமையானது என்பதற்குப் பழைய 802.11பி வகை வைஃபை நல்ல பாடம். 11 எம்பிபிஎஸ்ஸை ஒரு அழைப்பின் இருவழி 160 கேபிபிஎஸ்ஸால் வகுத்தால் 60-க்கு மேல் அழைப்பு வர வேண்டும். நடைமுறையில் பத்துப் பன்னிரண்டைத் தாண்டுவதே கஷ்டமாக இருந்தது. பாக்கெட் சின்னது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பு, தொடக்கக் குறியாகப் போகும் முன்னுரை, வந்து சேர்ந்தது என்று சொல்லும் ஒப்புகை எல்லாம் முழுசாகச் செலவாகும். இன்றைய வைஃபையில் நிலைமை எவ்வளவோ மேல் என்றாலும் காரணம் மாறவில்லை.

படி 3: முன்னுரிமையைக் கடைசி அங்குலம் வரை பாருங்கள்

வைஃபையில் டபிள்யூஎம்எம் என்ற ஏற்பாடு நான்கு வரிசைகள் வைத்திருக்கிறது: குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி. காற்றைப் பிடிக்கும் போட்டியில் குரல் வரிசை முதல் சுற்றில் 0 முதல் 3 வரை ஒரு எண்ணைக் குலுக்கி அவ்வளவு நேரம் காத்திருக்கும். சாதாரண வரிசை 0 முதல் 15 வரை குலுக்கும். கூட்டம் அதிகமாக இருக்கும்போது இந்த வித்தியாசம்தான் அழைப்பைக் காப்பாற்றும்.

பிரச்சினை, குரல் பாக்கெட் குரல் வரிசைக்குப் போய்ச் சேருகிறதா என்பதில்தான். பாக்கெட்டின் தலைப்பில் முன்னுரிமை சொல்லும் எண்தான் டிஎஸ்சிபி. குரலுக்கு வழக்கமாக டிஎஸ்சிபி 46 என்று முத்திரை குத்துவார்கள். இரும எண்ணில் அது 101110. பல கருவிகள் இதன் முதல் மூன்று பிட்டை மட்டும் எடுத்து வைஃபை முன்னுரிமையாக்கிவிடும். 101 என்றால் 5. வைஃபையில் 6-ம் 7-ம் தான் குரல் வரிசை, 5 வீடியோ வரிசை! எல்லா அமைப்பும் சரியாக இருந்தும் குரல் வீடியோவோடு சேர்ந்து வரிசையில் நிற்கும். 46-ஐ 6-க்கு மாற்ற வேண்டும் என்று 2018-இல் வந்த இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 8325 தெளிவாகச் சொல்கிறது. அக்சஸ் பாயின்டுகளை நிர்வகிக்கும் உங்கள் கன்ட்ரோலரில் அந்த மாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அமைப்புப் பக்கத்தைப் பார்த்து டிக் அடித்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு அழைப்பைப் போட்டு, மானிட்டர் மோடில் (வைஃபை கார்டு எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்கும் நிலை) காற்றிலிருந்தே பாக்கெட்டைப் பிடித்து, பாக்கெட்டை அலசும் வயர்ஷார்க்கில் திறந்து, முன்னுரிமை எழுதப்படும் கியூஓஎஸ் புலத்தில் என்ன எண் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். மேலே போகும் திசை (போனிலிருந்து), கீழே வரும் திசை (போனுக்கு), இரண்டிலும். கீழே வரும் திசையில் நடுவில் உள்ள ஒரு ஸ்விட்ச் முத்திரையை நம்பாமல் 0 ஆக்கியிருக்கலாம். மேலே போகும் திசையில் செயலி குத்தச் சொன்னாலும் போனின் இயங்குதளம் குத்தாமல் விட்டிருக்கலாம். இரண்டும் அடிக்கடி நடப்பவை.

படி 4: ரோமிங் (ஒரு அக்சஸ் பாயின்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது)

எந்த அக்சஸ் பாயின்டுக்குத் தாவுவது, எப்போது தாவுவது என்பதைப் போன்தான் முடிவு செய்யும். வலை யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். சில போன்கள் பழைய அக்சஸ் பாயின்டையே -80 டிபிஎம் வரை கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கும்.

தாவுவது முடிவானதும் செலவாகும் நேரத்தில் பெரும்பகுதி பாதுகாப்புச் சோதனைக்கானது. நிறுவன வகை டபிள்யூபிஏ2 பாதுகாப்பில் ஒவ்வொரு தாவலுக்கும், பயனரைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் வரை போய் முழு உறுதிப்படுத்தல் நடந்தால் பல நூறு மில்லி வினாடி போய்விடும். சர்வர் தொலைவில் இருந்தால் ஒரு வினாடிகூட ஆகும். வேகமாகத் தாவ உதவும் 802.11ஆர் ஏற்பாடு இருந்தால் சாவிகள் முன்பே தயாராக இருக்கும், இடைவெளி 50 மில்லி வினாடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை 802.11கே தரும். எங்கே போகலாம் என்ற யோசனையை 802.11வி தரும். ஒரு எச்சரிக்கை: சில பழைய சாதனங்கள் 802.11ஆர் இயக்கிய வலையில் சேரவே சேராது. குரலுக்குத் தனி எஸ்எஸ்ஐடி (வைஃபை வலையின் பெயர்) வைத்து அதில் மட்டும் இயக்குவது நிம்மதி. ஆனால் எஸ்எஸ்ஐடிகளைக் கண்டபடி பெருக்காதீர்கள். ஒவ்வொன்றும் வினாடிக்குப் பத்து முறை தன் இருப்பை அறிவிக்கும் பீக்கன் அனுப்பிக் காற்றை அடைக்கும்.

படி 5: சோதனை

முதலில் ஒரே அறையில், ஒரே அக்சஸ் பாயின்டின் கீழ், இரண்டு போனுக்கு நடுவில் ஒரு அழைப்பு. இருபது நிமிடம் விடுங்கள். இதிலேயே பாதிப் பிழைகள் வெளியே வந்துவிடும். அழைப்பு சரியாக 32 வினாடியில் அறுந்தால் வைஃபையைத் தொடாதீர்கள். அழைப்பை இணைக்கும் எஸ்ஐபி உரையாடலில் கடைசி ஒப்புகை போய்ச் சேரவில்லை, அதற்குக் காத்திருந்தவர் அலுத்துத் துண்டிக்கிறார், அவ்வளவுதான். 15 நிமிடத்தில் அறுந்தால், அழைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது சரிபார்க்கும் செஷன் டைமரைப் பாருங்கள். வெளியே அழைக்க முடிகிறது, ஆனால் சற்று நேரம் சும்மா இருந்தால் உள்ளே வரும் அழைப்பு மணி அடிப்பதில்லை என்றால் ஃபயர்வால் யுடிபி வழியை மூடிவிட்டது என்று அர்த்தம். பதிவைப் புதுப்பிக்கும் இடைவெளியைக் குறையுங்கள்.

ஒருபக்கம் மட்டும் குரல் கேட்கும் புகார் தனி ரகம். ஆரம்பத்திலிருந்தே கேட்கவில்லை என்றால் அது என்ஏடி (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது) அல்லது ஃபயர்வால் வேலை. ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதை அணைத்துப் பாருங்கள். உதவி செய்கிறேன் என்று முகவரிகளை மாற்றிக் குழப்பும். பேச்சின் நடுவில், குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் ஒருபக்கம் மட்டும் போகிறது என்றால் படி 2-இல் சொன்ன பவர் ஏற்றத்தாழ்வு. இந்த ஒரு கேள்வியை, "எப்போதிருந்து கேட்கவில்லை?" என்பதை, முதலிலேயே கேட்டுவிட்டால் நாள் கணக்கில் தேடுவது மிச்சம்.

அடுத்து சுமை. காலி வலையில் எல்லா அழைப்பும் அழகாகத்தான் இருக்கும். எஸ்ஐபிபி கருவியால் பல அழைப்புகளை எழுப்பி பிபிஎக்ஸைச் சோதிக்கலாம், ஆனால் காற்றைச் சோதிக்க நிஜ வைஃபை சாதனங்கள் வேண்டும். சில லேப்டாப்களில் வலையைச் சோதிக்கும் ஐபெர்ஃப் 3-ஐ யுடிபி முறையில், 172 பைட் அளவில் (160 பைட் குரல், 12 பைட் ஆர்டிபி தலைப்பு) வினாடிக்கு 50 பாக்கெட் என்று இரண்டு திசையிலும் ஓட்டினால் ஒவ்வொன்றும் ஒரு போலி அழைப்பு. கூடவே வேறு இரண்டு லேப்டாப்பில் பெரிய கோப்பு ஏற்றிக்கொண்டும் இறக்கிக்கொண்டும் இருக்கட்டும். அந்த நேரத்தில் நிஜ அழைப்பு ஒன்றைப் பேசிக் கேளுங்கள். ஒரு அக்சஸ் பாயின்டில் எத்தனையாவது அழைப்பில் தரம் சரிகிறது என்று குறித்துக்கொண்டு, அதற்குச் சற்றுக் கீழே அழைப்பு அனுமதி வரம்பை வையுங்கள். புதிதாக ஒருவருக்கு "பிஸி" கேட்பது ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் பத்துப் பேருக்கும் குரல் உடைவதை விட மேல்.

பிறகு நடைச் சோதனை. இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், இதைத்தான் பெரும்பாலும் அவசரமாக முடிக்கிறார்கள். ஒருவர் மேஜையில் கம்பி போனோடு, இன்னொருவர் வைஃபை போனோடு நடக்கிறார். நடப்பவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று சீரான வேகத்தில் எண்ணிக்கொண்டே போக வேண்டும். சும்மா பேசினால் விடுபட்ட சொல்லை மூளை தானாக நிரப்பிக்கொள்ளும், எண்ணினால் 47-க்கு அடுத்து 49 கேட்டதும் பிடிபட்டுவிடும். மேஜையில் இருப்பவர் விடுபட்ட எண்ணைக் குறிக்கிறார், நடப்பவர் அந்தந்த எண்ணை எங்கே சொன்னார் என்று வரைபடத்தில் குறிக்கிறார். அப்புறம் இருவரும் வேலையை மாற்றிக்கொண்டு மேஜையிலிருப்பவர் எண்ண வேண்டும். மேலே போகும் திசையும் கீழே வரும் திசையும் வேறு வேறு இடத்தில் உடையும். போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்க வேண்டும், ஏனென்றால் தாவும் புள்ளி திசைக்குத் திசை மாறும். கனமான கதவுக்குப் பின்னால் சட்டென்று திரும்புவது, லிஃப்டுக்குள் போய்க் கதவு மூடுவது, இவையும் சேரட்டும். அலுவலகம் காலியான இரவில் நடக்காமல் கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் நடங்கள்.

இதே நேரத்தில் வயர்ஷார்க்கில் ஆர்டிபி ஸ்ட்ரீம் (குரல் பாக்கெட் ஓட்டம்) அலசலையும் ஓட விட்டால், காதில் கேட்டதும் எண்ணில் தெரிவதும் நேருக்கு நேர் வந்துவிடும்.

கடைசியாகக் கெடுக்கும் சோதனை. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு அக்சஸ் பாயின்டின் கம்பியைப் பிடுங்குங்கள். ரேடியஸ் சர்வரை நிறுத்துங்கள். இன்டர்நெட் இணைப்பை மாற்று வழிக்குத் தள்ளுங்கள். எது நின்றால் எது நிற்கிறது என்று எழுதி வைப்பதுதான் நோக்கம், எல்லாம் தாங்க வேண்டும் என்பதில்லை.

மொபைல் நிறுவனத்தின் வைஃபை காலிங் என்றால்

போன் உங்கள் வலை வழியாகச் சேவை நிறுவனத்தின் இபிடிஜி என்னும் வாயிலுக்கு ஒரு ஐபிசெக் சுரங்கம் (குறியாக்கப்பட்ட பாதை) போட்டு, சிம் கார்டை வைத்து உறுதிப்படுத்திக்கொள்கிறது. ஆகவே ஃபயர்வாலில் யுடிபி போர்ட் 500, 4500 இரண்டும் வெளியே போகத் திறந்திருக்க வேண்டும், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸும் தடையில்லாமல் பதில் சொல்ல வேண்டும். விருந்தினர் வலையில் உள்நுழைவுப் பக்கம் வைத்திருந்தால் அதைத் தாண்டும் வரை சுரங்கம் எழும்பாது. பயனருக்கோ வைஃபை சின்னம் மட்டும் தெரியும்.

எல்லாம் குறியாக்கத்துக்குள் இருப்பதால் எது குரல், எது சைகை (அழைப்பை இணைக்கும், துண்டிக்கும் தகவல்) என்று உங்கள் ஸ்விட்சுக்குத் தெரியாது. வெளித் தலைப்பில் முத்திரை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் 4500-க்குப் போகும் போக்குவரத்துக்கு முன்னுரிமை கொடுக்கலாம். ஆனால் விபிஎன் பயன்படுத்துபவர்களும் அதே போர்ட்டில்தான் வருவார்கள், அதை யோசித்துச் செய்யுங்கள். இதில் தவறாமல் சோதிக்க வேண்டியது வாசல்: பேசிக்கொண்டே கட்டிடத்தை விட்டு வெளியே நடந்தால் அழைப்பு 4ஜி அல்லது 5ஜிக்கு மாறுகிறதா, அறுகிறதா? திரும்ப உள்ளே வரும்போது? சேவை நிறுவனமும் போன் மாடலும் மாற மாற விடையும் மாறும். எனவே ஊழியர்களிடம் அதிகமாகப் புழங்கும் மாடல்களையாவது சோதித்துவிடுங்கள்.

படி 6: அவசர அழைப்பு

இதை முடிக்காமல் அறிமுகம் செய்யவே கூடாது. மேஜை போன் இருக்கும் இடம் மாறாது, வைஃபை போன் மாறும். அழைப்பு எந்த அக்சஸ் பாயின்டிலிருந்து வருகிறதோ அதை வைத்துத் தளம், பகுதி என்று இடத்தைக் கண்டுபிடிக்கும் அட்டவணை பிபிஎக்ஸில் இருக்க வேண்டும். அக்சஸ் பாயின்டை இடம் மாற்றினால் அட்டவணையும் மாற வேண்டும், இதற்கு ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். சட்ட விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும், உங்கள் நாட்டு விதியை முதலில் படியுங்கள். சோதனைக்காக அவசர எண்ணை அழைக்கும் முன் அந்த மையத்திடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். மின்சாரம் போனால் அக்சஸ் பாயின்ட், ஸ்விட்ச், பிபிஎக்ஸ் மூன்றும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் இந்தப் பட்டியலில்தான் வரும்.

படி 7: புழக்கத்துக்கு விடுவது

ஒரு தளத்தில் அல்லது ஒரு பிரிவில் தொடங்குங்கள். முன்னோட்டத்துக்கு ஐடி பிரிவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர்கள் குறையைத் தாங்களே சமாளித்துக்கொண்டு வெளியே சொல்ல மாட்டார்கள். நாள் முழுக்க நடந்துகொண்டே பேசுபவர்கள், எதற்கும் முணுமுணுப்பவர்கள், இவர்கள்தான் உங்களுக்கு வேண்டியவர்கள். பழைய போனை உடனே பிடுங்காமல் பக்கத்திலேயே விட்டு வையுங்கள். யாராவது திரும்பப் பழைய போனை எடுக்கிறார் என்றால் அதுவே ஒரு புகார்.

புகார் படிவத்தில் நான்கு கேள்வி போதும்: என்ன நேரம், எங்கே நின்றீர்கள், யாருக்குக் கேட்கவில்லை, ஆரம்பத்திலிருந்தா நடுவிலா. "குரல் சரியில்லை" என்று மட்டும் வரும் புகாரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பின்னணியில் ஒவ்வொரு அழைப்பின் ஆர்டிசிபி அறிக்கையையும் (இழப்பு, ஜிட்டர் எண்கள்) சேகரித்து, அக்சஸ் பாயின்ட் வாரியாக அடுக்குங்கள். மொத்தச் சராசரி நன்றாக இருக்கும்போதே இரண்டு மூன்று அக்சஸ் பாயின்டில் மட்டும் எண்கள் மோசமாக இருக்கும். வேலை அங்கேதான்.

அறிமுக வாரத்தில் ஃபர்ம்வேர் அப்டேட், சேனல் மாற்றம், எஸ்எஸ்ஐடி மாற்றம் எதுவும் வேண்டாம். தானியங்கிச் சேனல் தேர்வு பகலில் ஓடாதபடி நேரம் குறித்து வையுங்கள். பின்வாங்கும் வழியையும் முன்னாலேயே எழுதி வையுங்கள்: எத்தனை புகார் வந்தால், எந்த எண் எவ்வளவு சரிந்தால், யார் சொல்லிப் பழைய முறைக்குத் திரும்புவது. நடுவில் கூடி விவாதிக்க நேரம் இருக்காது.

புழக்கத்துக்கு வந்த பிறகும் நடைச் சோதனையைத் தூக்கிப் போடாதீர்கள். அக்சஸ் பாயின்ட் ஃபர்ம்வேர் மாறினால், போன்களுக்குப் புது இயங்குதளப் பதிப்பு வந்தால், புதிதாகச் சுவர் எழுப்பினால், கிடங்கில் இரும்பு அலமாரி நகர்ந்தால் மறுபடி ஒருமுறை எண்ணிக்கொண்டே நடக்க வேண்டும். முதல்முறை வரைந்த வரைபடத்தைப் பத்திரமாக வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கச் சில நிமிடம்தான் ஆகும்.